காமிராவின் அபிப்பிராயம்

சென்ற மாதம் நமது நண்பர் ஒருவருடைய இல்லத்துக்குப் போயிருந்தோம். கூடத்து ஊஞ்சல் பலகையின் மேல் மூன்று புகைப்படங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. நண்பர் தம் பெண்ணுக்கு வரன் பார்த்துக் கொண்டிருக்கிறார். பிள்ளை வீட்டாருக்கு அனுப்புவதற்காக, பெண்ணின் சித்தப்பா பிள்ளை தன்னுடைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராவினால் எடுத்த படங்கள் அவை. மூன்றும் ஒரே நாள் பிற்பகலில், ஒரே வீட்டில், ஒரே கரும்பச்சைப் புடவையில் எடுத்தவை.

நண்பரின் தாயார் மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் நன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படமாகக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"மூன்று பெண்களும் லட்சணமாய்த்தான் இருக்கிறார்கள். நம் குழந்தையின் படத்தை எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் பரிகாசம் செய்யவில்லை. முதல் படத்தில் இருந்தவள், சுண்ணாம்பில் ரோஜாப்பூவைக் கரைத்தாற் போன்ற நிறம் உடையவள். கன்னத்தில் ஒரு சிறு பள்ளமோ மேடோ கிடையாது. இரண்டாவது படத்தில் இருந்தவள், டைபாயிட் சுரத்தில் கிடந்து எழுந்தவளைப் போல் நீலம் பாய்ந்திருந்தாள். மூன்றாவது படத்தில் மட்டுமே, நமக்கு இருபது வருஷமாகத் தெரிந்த அந்த மாநிறப் பெண், எதையோ சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் நிறுத்திக் கொண்டவளைப் போல் பார்த்துக் கொண்டிருந்தாள். கேட்டதற்குப் பையன், "நான் ஒன்றையும் தொடவில்லை, பெரியப்பா! காமிரா எப்படி எடுத்ததோ அப்படியே இருக்கிறது" என்றான்.

இந்த வாக்கியத்தைப் பல பேர் பல சந்தர்ப்பங்களில் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். சொல்லுகிறவர்கள் மனமறிந்து பொய் சொல்லுவதில்லை. ஆயினும் அது மெய்யன்று. 'காமிரா எடுத்தபடியே' என்று சொல்லத்தக்க படம் உலகத்தில் கிடையாது. காமிராவுக்குள் உட்கார்ந்து கொண்டு யாரோ ஒருவர் அபிப்பிராயம் சொல்லிக் கொண்டேயிருக்கிறார். அவரை வேலை வாங்குவதற்கென்றே காமிராவின் முதுகில் அத்தனை பொத்தான்களும் பட்டியல்களும் இருக்கின்றன. நம்மவர்கள் அநேகமாக அவற்றைத் திறந்தே பார்ப்பதில்லை. பெருந்தொகை கொடுத்து யந்திரத்தை வாங்கி விட்டு, அதிகாரத்தை மட்டும் அதனிடமே விட்டு விடுகிறோம். சுயராஜ்யத்துக்காகச் சிறை சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் இப்படிச் செய்வது நமக்குச் சற்று வருத்தமாகவே இருக்கிறது.

முதலில், உள்ளே நடப்பது என்ன என்று பார்க்கலாம். முன்பு பிலிம் இருந்த இடத்தில் இப்போது சென்ஸார் என்னும் சில்லு இருக்கிறது. இந்தச் சில்லுக்கு நிறம் தெரியாது என்று சொன்னால் நேயர்கள் ஆச்சரியப்படக்கூடும். அதிலுள்ள லட்சோபலட்சம் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும், தன் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பது மட்டுமே தெரியும். ஆகையினால் ஒவ்வொரு புள்ளியின் மீதும் ஒரு வர்ணத் திரையைப் போர்த்தியிருக்கிறார்கள்: நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்பது கணக்கு. அமெரிக்காவில் ஈஸ்ட்மன் கோடக் கம்பெனியில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்னும் விஞ்ஞானி கண்ட உபாயம் இது. 1976-ஆம் வருஷத்தில் இதற்குப் பேடண்ட் உரிமை கிடைத்தது. பச்சைப் புள்ளிக்குச் சிவப்பும் நீலமும் தெரியாது. அண்டை வீட்டாரை விசாரித்து, 'உத்தேசமாக இவ்வளவு இருக்கலாம்' என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆகவே, எந்த டிஜிட்டல் படத்திலும் மூன்றில் இரண்டு பங்கு நிறம் அனுமானம்தான்.

அனுமானம் முடிந்த பிறகு சமையல் ஆரம்பமாகிறது. வெள்ளை எது என்று தீர்மானிக்க வேண்டும். இருட்டை எவ்வளவு ஆழமாக்குவது, சிவப்பை எவ்வளவு தூக்குவது, ஓரங்களை எவ்வளவு கூர்மையாக்குவது என்றெல்லாம் தீர்மானிக்க வேண்டும். சென்ஸார் கொடுக்கும் விவரம், காமிராவுக்குத் தக்கபடி, ஒவ்வொரு புள்ளிக்கும் 4,096 படிகளிலோ 16,384 படிகளிலோ இருக்கும். காமிரா தன் சமையலை முடித்து ஜேபெக் என்னும் வடிவத்தில் பரிமாறும்போது, ஒவ்வொரு வர்ணத்துக்கும் 256 படிகளே மிஞ்சுகின்றன. மற்றவை கழுநீரோடு போய்விடும். சமைக்காமலே வைத்துக்கொள்ளும் வடிவத்துக்கு 'ரா' என்று பெயர்.

இதைக் காபியை வைத்துச் சொன்னால் நம் வீடுகளில் எளிதில் விளங்கும். 'ரா' என்பது டிகாஷன். ஜேபெக் என்பது பாலும் சர்க்கரையும் சேர்த்து ஆற்றித் தம்ளரில் கொடுத்த காபி. சர்க்கரை போதவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் போட்டுக் கொள்ளலாம். அதிகமாகி விட்டால் என்ன செய்ய முடியும்?

பிலிம் காலத்திலும் இந்த அபிப்பிராயம் இல்லாமற் போகவில்லை. அது பிலிம் சுருளுக்குள் இருந்தது. 1935 முதல் 2009 வரை விற்ற கோடக்ரோமுக்கு ஒரு சுபாவம். 1990-ல் வந்த பியூஜி வெல்வியாவுக்கு வேறொரு சுபாவம். வெல்வியாவில் எடுத்த வயல், நாற்று நட்ட மறுநாளே கதிர் விட்டது போல் பச்சைப் பசேலென்று தெரியும். நமது உதகமண்டலத்தில் 1960-ல் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஸ்தாபனத்தாரின் 'இந்து' என்னும் கறுப்பு வெள்ளைப் பிலிமை நினைவு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; சுதேசிப் பிலிம் என்ற பெருமையோடு அதை வாங்கியவர்களை நாம் அறிவோம். அக்காலத்தில் அபிப்பிராயத்தை மாற்ற வேண்டுமானால் சுருளை மாற்ற வேண்டும். ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படம் அதே அபிப்பிராயத்தில்தான். இன்றைய எஸ்.எல்.ஆரில் படத்துக்குப் படம் மாற்றலாம். இவ்வளவு சுதந்திரம் கிடைத்த பிறகுதான் நாம் ஒன்றையும் மாற்றாமல் இருக்கக் கற்றுக்கொண்டோம்!

ஊஞ்சல் பலகைப் படங்களுக்குத் திரும்புவோம். டிஜிட்டல் படம் ஒவ்வொன்றும் தன் ஜாதகத்தைத் தன்னோடு சுமந்து வருகிறது. எந்த நேரத்தில் பிறந்தது, லென்ஸின் துவாரம் எவ்வளவு, ஷட்டர் எத்தனை நேரம் திறந்திருந்தது, எந்த வெளிச்சத்துக்கென்று காமிராவைத் திருப்பி வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். பையன் மடிக் கம்ப்யூட்டரில் மூன்று ஜாதகங்களையும் திறந்து காட்டினான்.

நீலம் பாய்ந்த பெண்ணின் மர்மம் உடனே வெளிப்பட்டது. முன் தினம் இரவு ஒரு கல்யாண மண்டபத்தில் டியூப் லைட் வெளிச்சத்தில் படம் எடுத்திருக்கிறான். அதற்காக 'ஒயிட் பாலன்ஸ்' என்னும் கட்டுப்பாட்டை டியூப் லைட் அடையாளத்துக்குத் திருப்பியவன், மறுநாள் வாசல் திண்ணையில் எடுக்கும்போது மாற்ற மறந்து விட்டான்.

வெளிச்சத்துக்கு நிறம் உண்டு. நம் மூளை அதைச் சரிக்கட்டி விடுவதால் நமக்குத் தெரிவதில்லை. வெளிச்சத்தின் நிறத்தை விஞ்ஞானிகள் கெல்வின் என்னும் அளவால் குறிப்பிடுவார்கள். காமிராப் பட்டியல்களில் குண்டு பல்புக்கு ஏறக்குறைய 3,200 என்றும், டியூப் லைட்டுக்கு 4,000 என்றும், நடுப்பகல் வெயிலுக்கு 5,200 என்றும், நிழலுக்கு 7,000 என்றும் போட்டிருப்பார்கள். எண் ஏற ஏற வெளிச்சம் நீலமாகும். நிழலிலுள்ள திண்ணையின் நீல வெளிச்சத்தை டியூப் லைட் என்று காமிராவிடம் சொன்னால், அது அந்த நீலத்தைக் கழிக்காமல் முகத்தில் பூசி விடுகிறது. யந்திரத்தின் மேல் குற்றமில்லை, சொன்னதைச் செய்தது.

அப்படியானால் 'ஆட்டோ'வில் விட்டு விடலாமே என்பீர்கள். பெரும்பாலும் விடலாம். ஆனால் ஆட்டோவும் ஓர் ஊகம்தான். பச்சை வர்ணம் அடித்த சுவர் படம் முழுவதையும் அடைத்துக் கொண்டிருந்தால், வெளிச்சமே பச்சை என்று அது ஏமாந்து, பச்சையைக் குறைப்பதற்காக முகத்தில் ஊதாவை ஏற்றி விடக்கூடும். குத்துவிளக்கின் முன் உட்கார்ந்திருக்கும் மனுஷியை எடுக்கும்போது வேறு விதமான ஆபத்து. அந்தப் பொன்னிறம்தான் படமே. அதைக் குறையென்று நினைத்துத் திருத்தப் பார்க்கும் ஆட்டோவிடம் விடாமல், வெயில் அடையாளத்தில் வைத்து எடுத்தால் விளக்கொளி விளக்கொளியாகவே வரும். சற்று அதிகம் என்று தோன்றினால், கெல்வின் எண்ணை நாமே ஆயிரம் குறைத்துக் கொள்ளலாம்.

வெள்ளைப் பொருள் ஒன்றைக் காட்டி, 'இதுதான் வெள்ளை' என்று காமிராவுக்குச் சொல்லிக் கொடுக்கும் வசதியும் உண்டு. இதற்காக நம்மவர்கள் சலவை வேஷ்டியைப் பிடித்துக் காட்டுகிறார்கள். வேண்டாம்! நீலம் போட்ட வேஷ்டியும், பளிச்சென்று வெளுக்கும் சோப்புத் தூளில் தோய்த்த வேஷ்டியும் உண்மையில் வெள்ளையல்ல. நீலச் சாயல் உடையவை. அவற்றை நம்பினால் முகம் மஞ்சளாகி விடும். காமிராக் கடைகளில் கிடைக்கும் சாம்பல் நிற அட்டையே உத்தமம்.

முதல் படத்துப் பெண்ணின் கதை இதைவிட முக்கியமானது. ஏனென்றால் நண்பரின் மனைவிக்கு அந்தப் படந்தான் மிகவும் பிடித்திருந்தது. "இதையே அனுப்பி விடலாம். இதில்தான் குழந்தை பளிச்சென்று இருக்கிறாள்" என்றார்.

பளிச்சென்று இருந்ததற்குக் காரணங்கள் இரண்டு. காமிராவின் வெளிச்ச மானி உலகத்தைப் பார்க்கும்போது, எல்லாவற்றையும் சராசரியாகப் பிசைந்தால் 18 சதவிகித வெளிச்சத்தைத் திருப்பும் சாம்பல் நிறம் வரவேண்டும் என்னும் அடிப்படையில் கணக்குப் போடுகிறது. வெள்ளைச் சுவரின் முன் வெள்ளை வேஷ்டிக்காரரை நிறுத்தினால், 'அடடா, வெளிச்சம் அதிகம்!' என்று குறைத்து, சுவரையும் வேஷ்டியையும் சாம்பலாக்கி, அவருடைய முகத்தைக் கரியாக்கி விடும். இருண்ட ரேழியின் முன் கரும்பச்சைப் புடவைக்காரியை நிறுத்தினால், 'வெளிச்சம் போதவில்லை' என்று கூட்டி, முகத்தை வெளுக்க அடித்து விடும். இதற்கு மாற்று, 'எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்' என்னும் கூட்டல் கழித்தல் பொத்தான். வெள்ளை அதிகமாயிருந்தால் கூட்டு; கருமை அதிகமாயிருந்தால் கழி. கணக்குக்கு எதிராகத் தோன்றினாலும் இதுதான் முறை. நமது மாநிற முகங்களை எடுக்க விரும்புகிறவர்கள் வேறு எதைக் கற்காவிட்டாலும் இந்த ஒரு பொத்தானைக் கற்றுக்கொண்டால் போதும். பையன் அதைத் தொட்டதே இல்லை.

இரண்டாவது காரணம், படத்தின் 'பாணி'. கானன் கம்பெனியார் 2005-லிருந்து இதற்குப் 'பிக்சர் ஸ்டைல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நிக்கன் கம்பெனியார் 2007-லிருந்து 'பிக்சர் கன்ட்ரோல்' என்கிறார்கள். மற்றக் கம்பெனிகள் வேறு பெயர் சொல்லும். விஷயம் ஒன்றே: கூர்மை, மாறுபாடு, நிறத்தின் செறிவு, நிறத்தின் சாயல் ஆகியவற்றைக் குறிப்பிட்ட அளவில் கலந்து வைத்த மசாலாப் பொடிகள். 'லாண்ட்ஸ்கேப்' என்பதில் வானத்தின் நீலமும் இலையின் பச்சையும் தூக்கலாக இருக்கும். ஓரங்கள் கூர்மையாக இருக்கும். 'போர்ட்ரெய்ட்' என்பதில் கூர்மையைக் குறைத்து, தோலுக்கு மென்மையும் இளஞ்சிவப்புச் சாயலும் சேர்ப்பார்கள். 'ந்யூட்ரல்' என்பதில் மசாலா குறைவு. கானன் பட்டியலில் 'பேத்ஃபுல்' என்றும் ஒன்று உண்டு. விசுவாசமுள்ளது என்று பொருள். வெயில் வெளிச்சத்தில் எடுத்த பொருளின் நிறத்தை அளவுக் கணக்குப்படி அப்படியே கொடுக்க முயல்வது அது. பட்டியலில் ஒன்றுக்கு மட்டும் விசுவாசி என்று பெயர் வைத்தவர்கள், மற்றவற்றைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று நாம் கேட்கப் போவதில்லை.

பையன் முதல் படத்துக்குப் 'போர்ட்ரெய்ட்' பாணியை வைத்திருந்தான். முகத்தை எடுக்கிறோம், ஆகவே முகத்துக்குரிய பாணி என்று நினைத்ததில் தவறில்லை. ஏற்கெனவே வெளுத்த முகத்தில் இளஞ்சிவப்பும் சேர்ந்ததனால் ரோஜாப்பூ உண்டாயிற்று.

'முகத்துக்குரியது' என்றால் யாருடைய முகத்துக்கு என்னும் கேள்வி புதிதல்ல. சென்ற நூற்றாண்டில் கோடக் கம்பெனியார், படம் கழுவிப் பிரதி எடுக்கும் கூடங்களுக்கு ஓர் அட்டைப் படத்தை அனுப்பி வந்தார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இருப்பாள். அவளுடைய தோல் சரியாக வந்து விட்டால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அட்டையிலுள்ள பெண் மாறினாலும் எல்லா அட்டைக்கும் 'ஷெர்லி' என்றே பெயர் நிலைத்து விட்டது. லோர்னா ராத் என்னும் கனடா தேசத்து அறிஞர் 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையில் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். பழுப்பு நிறங்கள் பிலிமில் சரியாக வரவில்லை என்று கோடக் கம்பெனியை முதலில் அசைத்த புகார்கள் யாரிடமிருந்து வந்தன தெரியுமா? கறுப்பு மக்களிடமிருந்து அல்ல. சாக்லெட் செய்கிறவர்களிடமிருந்தும் மரச்சாமான் விற்கிறவர்களிடமிருந்தும்! மேஜைக்குக் கிடைத்த மரியாதை மனிதனுக்குப் பிறகுதான் கிடைத்தது. பல நிற மக்களின் முகங்கள் கொண்ட அட்டைகள் 1990-களில்தான் வந்தன.

வெள்ளைக்காரன் 1947-ல் கப்பலேறினான். வெள்ளை நிறத்தின் மீதுள்ள மோகம் மட்டும் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்து நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கொண்டது. அதைக் காமிராக் கம்பெனிக்காரன் தலையில் மட்டும் கட்டிவிட நாம் தயாராயில்லை. அதே பாணிக்குள் நுழைந்து, சாயலைச் சிவப்புப் பக்கமிருந்து மஞ்சள் பக்கம் இரண்டு படி நகர்த்தவும், செறிவைக் குறைக்கவும், கூர்மையைக் கூட்டவும் அவன் நமக்கு வழி வைத்திருக்கிறான். நம் முகத்துக்கென்று நாமே ஒரு பாணியைச் செய்து, அதைக் காமிராவில் சேமித்து வைக்கவும் முடியும். ஓர் அரைமணி நேர வேலை. தாத்தாவையோ பாட்டியையோ முற்றத்தில் உட்கார வைத்து, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துத் திருத்த வேண்டும். அவ்வளவே.

கறுப்பு வெள்ளையில் எடுத்தால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்று நினைப்பவர்களும் ஏமாந்து போவார்கள். 'மானோக்ரோம்' பாணிக்குள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை என்று நான்கு வடிகட்டிகள் உண்டு. வடிகட்டி தன் நிறத்தை வெளுக்கச் செய்து, எதிர் நிறத்தைக் கறுக்கச் செய்யும். சிவப்பை வைத்தால் நமது தோல் சந்தனமாய் வெளுத்து, முகப்பரு வடு மறையும். பச்சையை வைத்தால் தோலும் உதடும் அடங்கிக் கருமை கூடும். கறுப்பு வெள்ளைக்குள்ளேயும் முகப்பவுடர் டப்பா இருக்கிறது!

ஆனால் இந்த வடிகட்டிகளின் உண்மையான மகிமை ஆகாயத்தில்தான் தெரியும். மதராஸ் சர்க்காரின் புகைப்படக்காரராக 1856-ல் நியமனமான காப்டன் லின்னேயஸ் டிரைப், 1858-ல் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை முதலிய ஊர்களில் எடுத்த படங்களை இன்றைக்குப் பார்த்தாலும் கண் நகராது. தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளக் கல்வெட்டுக்களை அவர் 21 படங்களாக எடுத்து ஒரே நீளமாக ஒட்டினார். ஏறக்குறைய 19 அடி நீளம். கம்பெனி ராணுவத்தின் உத்தியோகஸ்தர்தாம். இருந்தாலும் அந்த உழைப்புக்கு நாம் தலை வணங்கத்தான் வேண்டும். அவர் காலத்து ரசாயனப் பூச்சு நீல ஒளிக்கு மட்டுமே மசியும். நீல வானம் முழுவதும் வெந்து வெற்று வெள்ளையாகி விடும். மேகம் இருந்த இடம் தெரியாது. டிரைப் துரை என்ன செய்தார்? காகித நெகடிவின் மேல் தூரிகையால் மேகங்களைத் தாமே தீட்டினார்! மரங்களுக்கு இலையும் சேர்த்தார். தாம் கண்டதைக் காமிரா காணவில்லையே என்பது அவருடைய ஆதங்கம்.

பிற்காலத்தில் எல்லா நிறங்களுக்கும் மசியும் பிலிமும், கண்ணாடி வடிகட்டிகளும் வந்தன. அமெரிக்காவில் அன்ஸெல் ஆடம்ஸ் 1927-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் யோஸமிட்டி பள்ளத்தாக்கின் 'ஹாஃப் டோம்' என்னும் பெரும் பாறைக்கு எதிரே ஏறி நின்றார். கையில் மிச்சமிருந்தவை இரண்டே கண்ணாடித் தகடுகள். ஒன்றை மஞ்சள் வடிகட்டியுடன் எடுத்தார். தம் மனத்தில் எழுந்த கம்பீரம் அதில் வராது என்று தோன்றியதும், கடைசித் தகட்டைக் கடுஞ்சிவப்பு வடிகட்டியுடன் எடுத்தார். வானம் ஏறக்குறையக் கறுத்து, பாறை எழுந்து நின்றது. அந்தப் படத்தினால்தான் அவர் தம்மைக் கலைஞராக அறிந்துகொண்டார் என்று சொல்வார்கள். டிரைப் தூரிகையால் செய்ததையும் ஆடம்ஸ் கண்ணாடியால் செய்ததையும், இன்று காமிராப் பட்டியலில் ஒரு விரல் அசைவில் நாம் செய்யலாம். மழைக்கால மேகத்தின் கீழ் ஒரு கோபுரத்தைச் சிவப்பு வடிகட்டியுடன் எடுத்துப் பாருங்கள். ஒரு முன்னெச்சரிக்கை மட்டும்: ஜேபெக்கில் எடுத்த கறுப்பு வெள்ளைக்கு நிறம் திரும்ப வராது. 'ரா'வையும் சேர்த்து வைத்துக்கொண்டால், வேண்டும்போது வர்ணத்துக்கு மீளலாம். (பென்டாக்ஸ் கம்பெனியார் 2023-ல், வர்ணத் திரையே இல்லாத கறுப்பு வெள்ளை எஸ்.எல்.ஆர். ஒன்றை வெளியிட்டார்கள். அதற்கு மட்டும் பழைய காலத்துக் கண்ணாடி வடிகட்டியைத்தான் மாட்ட வேண்டும்.)

இனி, வித்தைகள். ஒலிம்பஸ் கம்பெனியார் 2008-ல் 'ஆர்ட் பில்டர்' என்று ஆரம்பித்து வைத்தார்கள், மற்றவர்களும் தொடர்ந்தார்கள். 'டாய் காமிரா' என்பது மூலைகளை இருளடித்து நிறத்தைக் கெடுக்கும். உயர்ந்த லென்ஸை வாங்கி, சந்தையில் விற்கும் விளையாட்டுக் காமிராவைப் போல் படம் எடுக்கச் செய்வதில் என்ன ஆனந்தமோ, நமக்கு விளங்கவில்லை. 'மினியேச்சர்' என்பதை மட்டும் ரசித்தோம். உயரமான மாடியிலிருந்து தேர்த் திருவிழாவை எடுத்து, நடுவில் ஒரு பட்டையை மட்டும் தெளிவாக விட்டு, மேலும் கீழும் மங்கலாக்கினால், தேரும் வடமும் ஜனக்கூட்டமும் கொலுப் பொம்மைகளாகி விடுகின்றன. ஒரு தடவை பார்க்க மிக நன்றாயிருக்கும். 'எச்.டி.ஆர்.' என்பது வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒன்று சேர்ப்பது. இருண்ட மண்டபத்திலிருந்து வெயில் காயும் பிராகாரத்தைப் பார்க்கும்போது உபயோகப்படும். நடுவே யாராவது நடந்து போனால் இரண்டு தலை முளைத்து விடும்.

பத்திரிகை உலகத்திலும் இந்த வழக்கு நடந்தது. 2015 நவம்பரில் ராய்ட்டர் ஸ்தாபனத்தார், தங்களுக்குப் படம் அனுப்பும் வெளியாட்கள் காமிராவே தயாரித்த ஜேபெக்கைத்தான் அனுப்ப வேண்டும், 'ரா'விலிருந்து பிற்பாடு சமைத்ததை அனுப்பலாகாது என்று உத்தரவிட்டார்கள். விரைவும் உண்மையும் வேண்டும் என்பது காரணம். வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியை நடத்துகிறவர்களோ, படத்தில் புரட்டு நடந்திருக்கிறதா என்று சோதிக்க, காமிராவின் மூலக் கோப்பைக் கேட்கிறார்கள். ஒருவருக்குச் சமைத்ததே பிரமாணம். மற்றவருக்குச் சமைக்காததே பிரமாணம். ராய்ட்டரின் உத்தரவு நல்ல எண்ணத்துடன் போட்டதுதான். ஆயினும் காமிரா செய்தால் உண்மை, மனிதன் செய்தால் சந்தேகம் என்னும் கருத்து அதில் சற்று எட்டிப் பார்க்கிறது. வடிகட்டியும் பாணியும் காமிராவுக்குள்ளேயே இருக்கும்போது இது எப்படிச் சரியாகும்?

எஸ்.எல்.ஆர். காமிராவுக்கு இவ்விஷயத்தில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. கண்ணாடியை நீக்கிவிட்ட புதிய காமிராக்கள் அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக் கொண்டன. அவற்றின் துவாரத்தில் கண்ணை வைத்தால், காமிராவின் அபிப்பிராயம் ஏற்கெனவே பூசப்பட்ட சிறு திரைதான் தெரியும். எஸ்.எல்.ஆரிலோ, லென்ஸ் வழியாக வந்த வெளிச்சமே உள்ளிருக்கும் கண்ணாடியில் பட்டு நம் கண்ணுக்கு வருகிறது. நாம் பார்ப்பது அந்த மனுஷியைத்தான். படம் எடுத்த பிறகு பின்புறத் திரையில் தெரிவது காமிரா சொல்லும் பதில். இரண்டையும் ஒப்பிட்டு, 'நான் கண்டது இதுவல்லவே' என்று சொல்வதற்கு ஒரு கணம் அவகாசம் கிடைக்கிறது. ஆனால் 'ரா'வில் எடுத்தாலுங்கூடப் பின்திரை காட்டுவது சமைத்த படத்தைத்தான் என்பதை மறக்கக்கூடாது.

மூன்றாவது படம் எப்படி அவ்வளவு சரியாக வந்தது என்று பையனைக் கேட்டோம். சற்று வெட்கத்துடன் உண்மையைச் சொன்னான். முற்றத்தில் மேகம் மூடிய வெளிச்சத்தில், அக்காள் ஏதோ சொல்லிச் சிரிக்கப் போனபோது, காமிராவை அவசரமாகத் தூக்கினானாம். விரல் எங்கெங்கோ பட்டு, வெளிச்சம் 'ஆட்டோ'வுக்கும் பாணி 'ந்யூட்ர'லுக்கும் போயிருக்கின்றன. அந்தப் படத்தைக் கெட்டுப் போனதென்று நினைத்துக் கடைசியில் வைத்திருக்கிறான்.

எந்தப் படத்தை அனுப்புவது என்னும் விவாதம் சாயங்காலம் வரை நடந்தது. நண்பரின் மனைவி முதல் படத்தை விடுவதாயில்லை. நண்பர் இரண்டு பக்கமும் தலையாட்டிக் கொண்டிருந்தார். கடைசியில் பெண்ணே கூடத்துக்கு வந்து முதல் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது, அம்மா. பிள்ளை வீட்டாருக்கு இவளைப் பிடித்து விட்டால், கல்யாணத்தன்று மணையில் உட்கார இவளைத்தான் நீங்கள் தேடிப் பிடித்து வரவேண்டும்" என்று சொல்லிப் படத்தைத் திருப்பி வைத்து விட்டுப் போனாள்.

மூன்றாவது படந்தான் தபாலில் போயிற்று. பையன் அன்று இரவே காமிராவை 'ரா'வும் ஜேபெக்கும் சேர்ந்து வரும்படி திருப்பி வைத்துக்கொண்டு, கூட்டல் கழித்தல் பொத்தான் எங்கே இருக்கிறதென்று எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். பாட்டியம்மாள் தம்மையும் ஒரு படம் எடுக்கவேண்டும் என்றார். "சுருக்கம் ஒன்று குறைந்தாலும் காசு கிடையாது" என்று முன்கூட்டியே நிபந்தனை விதித்து விட்டு, முற்றத்து வெளிச்சத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.